மேலுதட்டுக்கு ஒரு வழி

மூன்று மாதமாக என் கணவர் ரூஃபத்துக்குத் தொலைபேசியில் எங்கள் தேநீர்க் கெண்டியைத்தான் காட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் வடக்கே வெகுதூரத்தில், சுர்குத் என்ற நகரில், எண்ணெய்க் கிணற்று வேலையில் இருந்தார். தொழிலாளர் விடுதியின் இரும்புக் கட்டிலில் உட்கார்ந்து, கேமராவைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பேசுவார். நான் என்னுடையதைக் கெண்டிப் பக்கமோ, பால்கனியில் மழையில் நனையும் பூந்தொட்டிப் பக்கமோ திருப்பி வைத்துவிடுவேன்.

"இந்தக் கெண்டியை எத்தனை நாள் பார்க்கிறது?" என்பார். "மூக்கு அழகாத்தான் இருக்கு. ஆனா நான் அதைக் கட்டிக்கலையே. உன் மூஞ்சியைக் காட்டு, நுபார்."

"ஜலதோஷம். பார்க்கச் சகிக்காது."

"மூணு மாசமாவா ஜலதோஷம்?"

ஜலதோஷம் இல்லை. என் மேலுதட்டில் முடி இருந்தது. பூனைமுடி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாத, கறுத்த, தடித்த முடி. வாயின் இரண்டு ஓரங்களிலும் இறங்கி, மோவாயில் சின்னச் சின்னக் கொத்தாக நிற்கும். கல்யாணமான நாளிலிருந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை, கீழ்வீட்டு துராஜ் அக்கா நூல் போட்டு எடுத்துவிடுவார். ரூஃபத் வெளியே போன நேரம் பார்த்துப் படியிறங்கிப் போவேன். சிவப்பு அடங்கும்வரை அங்கேயே தயிர் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு மேலே வருவேன். மூன்று வருடத்தில் அவர் ஒரு நாளும் அந்த முடியைப் பார்த்ததில்லை. 'உனக்கு எப்படி இவ்வளவு வழவழன்னு கன்னம்?' என்று அவர் தொடும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுவேன்.

இலையுதிர்காலத்தில் மாமனார் இறந்தார். ரூஃபத் அடக்கத்துக்கு வந்து, ஏழாம் நாள் முடிந்ததும் திரும்பிப் போனார். அதற்குமேல் விடுப்பு கிடைக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் முகத்தைத் தொடவில்லை.

துக்க வீட்டில் அப்படித்தான். கறுப்பு உடுத்துவோம். தலைக்குச் சாயம் கிடையாது. முகத்தில் நூல் படக்கூடாது. நாற்பதாம் நாள் இறந்தவர் பக்கத்துப் பெரியவள் ஒருத்தி வண்ணத் தலைத்துணியோடு வந்து, விதவையின் தலையிலிருந்து கறுப்பை எடுத்து, தன் கையால் அவள் முகத்தில் நூல் போட வேண்டும். மற்ற பெண்களுக்கெல்லாம் அதற்குப் பிறகுதான். விதவை தானாகக் கறுப்பைக் கழற்றினால், எப்போது கழற்றலாம் என்று காத்திருந்தவள் என்று பேசுவார்கள். மருமகள் மாமியாரை முந்திக்கொண்டால் என்ன பேசுவார்கள் என்று நான் சொல்லவே வேண்டாம்.

எங்களுக்கு அந்தப் பெரியவள் மாமனாரின் அக்கா, ஃபக்ரியா அத்தை. பக்கத்து ஊரான மசல்லியில் இருந்தார். நாற்பதாம் நாள் வெறுங்கையோடு வந்தார், அழுதார், சாப்பிட்டார், கறுப்பை எடுக்காமலே வேன் ஏறிப் போய்விட்டார். தம்பியை மசல்லியில் அப்பா அம்மா பக்கத்தில் புதைக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். என் மாமியார் ஜெரின்தாஜ் கேட்காமல் எங்கள் ஊர் லெங்கரானிலேயே, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், அடக்கம் செய்துவிட்டார். அந்தக் கோபம்.

நாற்பது போய் அறுபது ஆயிற்று, தொண்ணூறும் நெருங்கியது. ஆண்களுக்குப் பிரச்சினையே இல்லை. ரூஃபத்தின் மாமா நாற்பதாம் நாள் காலையிலேயே எல்லோரையும் முடிதிருத்தகத்துக்குக் கூட்டிப்போய்த் தாடியை எடுத்துவிட்டார். நாங்கள்தான் நின்றுவிட்டோம்.

குழந்தைகள் மருத்துவமனையில் எனக்குப் பதிவுச் சாளரத்தில் வேலை. அங்கே முகக்கவசம் போட்டுக்கொண்டேன். கேட்டவர்களிடம் இருமிக் காட்டினேன். வீட்டில் தலைத்துணியின் நுனி எப்போதும் வாய்க்கு முன்னால் இருந்தது. மாமியார் எதையும் கேட்கவில்லை. அவருக்கே மோவாயில் நரைத்த முடி சுருண்டுகொண்டிருந்தது.

அந்தத் திங்கட்கிழமை ரூஃபத் கூப்பிட்டார். "சனிக்கிழமை வர்றேன். பத்து நாள் லீவு குடுத்துட்டாங்க."

எனக்குச் சந்தோஷம் வந்தது. அதன் பின்னாலேயே பயமும் வந்தது. கெண்டியைப் பார்த்தபடி நின்றேன்.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றார். பிறகு, விளையாட்டில்லாத குரலில், "நுபார், ஒண்ணு கேக்கிறேன். மறைக்காம சொல்லு. என்னைப் பிடிக்காமப் போயிடுச்சா உனக்கு?"

"ஐயோ, என்ன பேச்சு இது?"

"அப்ப மூஞ்சியைக் காட்டு."

நான் காட்டவில்லை. அழைப்பு துண்டிக்கப்பட்டதா, அவரே வைத்துவிட்டாரா என்று தெரியவில்லை.

அன்று மாலையே துராஜ் அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "எடு அந்த மாஸ்க்கை" என்றார். எடுத்தேன். கெண்டியைக் காட்டி வந்த கதையையும் சொன்னேன். விளக்கடியில் என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரர் பட்டாளத்துல இருந்தப்போ இப்படித்தான் வெச்சிருந்தார்."

"சிரிக்காதீங்கக்கா. சனிக்கிழமை அவர் வர்றார்."

"தெரியும். கட்டடத்துக்கே தெரியும்."

"பத்து நிமிஷ வேலை."

"வேலை பத்து நிமிஷம், பேச்சு பத்து வருஷம். ஜெரின்தாஜ் மோவாயில முடி நிக்குது, மருமக மூஞ்சி மட்டும் முட்டை மாதிரி இருக்குன்னா, யார் கைன்னு கேக்க வேண்டியதே இல்ல. இங்க நூல் போடறவ நான் ஒருத்திதானே? மாட்டேன் கண்ணு. முதல்ல உன் மாமியார் முகம். அப்புறம் உன்னுது. ஓசியிலயே எடுத்து விடறேன்."

"ஃபக்ரியா அத்தை வந்தாத்தானே அவங்க முகத்துல நூல் படும்?"

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"அப்ப நான் என்ன பண்ண?"

அவருக்கும் மனசு கேட்கவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு எனக்காக யோசித்தார்.

"கிரீம் இருக்கு."

"முக்குக் கடைக்காரர் மாமியாரோட ஒண்ணுவிட்ட தம்பி. அவர் கைல வாங்கினா நான் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள விஷயம் போயிடும். அந்த நாத்தம் வேற."

"ப்ளீச் போடு. முடி அப்படியே இருக்கும், நிறம் மட்டும் பொன்னாயிடும். எங்க அக்கா மக போட்டா. என்ன, வெயில்ல நின்னா மீசை மின்னும்."

நான் இதைக் கொஞ்சம் தீவிரமாகவே யோசித்தேன். ஒரு முடியையும் எடுக்காததால் துக்கத்துக்குப் பழுதில்லை. ஆனால் மூன்று மாதம் காத்திருந்து வருகிற மனிதர் முன்னால் பொன்மீசையோடு நிற்பதா?

"ரேசரைத் தொடாதே" என்றார் அவர். "முதல் நாள் நல்லாத்தான் இருக்கும். மூணாம் நாள் அவர் முத்தம் குடுத்தா உதடு கீறிடும்."

"அக்கா!"

"என்ன அக்கா? எதுக்கு இவ்வளவு பாடு படறே? கெண்டிக்கு முத்தம் குடுக்கவா வர்றார்?"

இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கலாம். ஆனால் என் தோல் புள்ளி புள்ளியாகத் தடித்துவிடும் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். மிச்சமிருந்தது சர்க்கரைப் பாகு. சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்துத் தேன் நிறம் வரும்வரை காய்ச்சி, இளஞ்சூட்டில் உருட்டித் தோலில் ஒட்டி இழுத்தால் வேரோடு வந்துவிடும். தானே செய்துகொள்ளலாம். துக்க வீட்டில் ஒருத்தி அடுப்படியில் நின்று அதைக் காய்ச்சினால்தான் மாட்டிக்கொள்வாள்.

படியேறி வரும்போது எனக்கு அது உறைத்தது. எங்கள் வீட்டில் வியாழக்கிழமைதோறும் மாமியார், இறந்த மாமனார் பேருக்கு அல்வா கிளறினார். வியாழக்கிழமை எங்கள் அடுப்பில் சர்க்கரை கொதிப்பதை யார் என்னவென்று கேட்கப்போகிறார்கள்? வேலையை முடித்துவிட்டால் மாமியார் எதிரில் தலைத்துணி நுனி, கணவர் எதிரில் முகம். பத்து நாளைச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை விடுப்பு எடுத்தேன். மாமியார் முன் அடுப்பில் மாவை வெண்ணெயில் வறுத்துக்கொண்டிருந்தார். நான் பின் அடுப்பில் சிறிய பாத்திரத்தை வைத்தேன். அவர் ஒருமுறை எட்டிப் பார்த்தார். மாவு சிவந்ததும் தீயைக் குறைத்துவிட்டுத் தொழப் போனார். என் பாகு பொன்னிறத்தைத் தாண்டித் தேன் நிறத்துக்கு வந்தது. ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டேன். விரலில் உருண்டது. சரியான பதம். அடுப்பை அணைத்தேன். அப்போது தொலைபேசி அடித்தது.

பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"டிக்கெட்டை மாத்திட்டேன்" என்றார் ரூஃபத். "நாளைக்கு சாயங்காலமே வந்துடுவேன்."

"நாளைக்கா?"

"ஏன், வேணாமா?"

"வேணும். வேணும்னுதான் சொல்றேன்."

"குரலைக் கேட்டா அப்படித் தெரியலையே."

அவரைச் சமாதானம் செய்யப் பத்து நிமிடம் ஆயிற்று. என்ன சமைக்கட்டும் என்று கேட்டேன். அக்ரூட் அடைத்த கோழி என்றார். சரி என்றேன். உள்ளே வந்தபோது பின் அடுப்பில் என் பாத்திரம் காலியாக இருந்தது. மாமியார் முன் அடுப்பில் இரண்டு கையாலும் கரண்டியைப் பிடித்துக் கிளறிக்கொண்டிருந்தார்.

"பாகை நீயே காய்ச்சி வெச்சுட்டியே, நல்ல பொண்ணு" என்றார். மூன்று மாதத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் அன்பான வார்த்தை அது. "குங்குமப்பூத் தண்ணி மட்டும் நான் விட்டேன். இன்னிக்கு என்னமோ கை வலிக்குது, இறுகிக்கிட்டே போகுது பாரு."

என்னால் என்ன சொல்ல முடியும்? அம்மா, அது உங்கள் கணவர் பேருக்குச் செய்ததில்லை, என் மீசைக்குச் செய்தது என்றா?

அவர் அல்வாவைத் தட்டுகளில் அழுத்திக் கரண்டி முனையால் கோலம் போட்டார். ஒரு பங்கைத் தகர டப்பாவில் வைத்துத் துணியால் கட்டினார். அது ஃபக்ரியா அத்தைக்கு. பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் ஒரு வியாழன் தவறாமல் அந்தப் பங்கு மசல்லிக்குப் போயிற்று. மறுநாள் காலி டப்பா திரும்பி வரும். இந்த இரண்டு பெண்களுக்கும் நடுவே மூன்று மாதமாக நடந்துகொண்டிருந்த ஒரே போக்குவரத்து அது.

முற்றத்தில் வேன்காரர் ஒலி எழுப்பினார்.

"நான் கொண்டுபோய்க் குடுக்கிறேன்மா" என்று டப்பாவைப் பிடித்தேன். கீழே போகிற வழியில் குப்பைத்தொட்டி இருந்தது.

"மூணு மாடி எதுக்கு இறங்கறே, கூடைதான் இருக்கே" என்றார். டப்பாவைக் கூடையில் வைத்து, பால்கனியிலிருந்து கயிற்றை விட்டார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தேன். கூடை ஆடிக்கொண்டே இரண்டாம் மாடியைத் தாண்டி, முதல் மாடியைத் தாண்டி இறங்கியது. வேன்காரர் டப்பாவை எடுத்துத் தன் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையை ஆட்டினார்.

வீட்டிலிருந்த தட்டுகளை நானே அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டேன். இறந்தவர் பேருக்குச் செய்த அல்வாவைக் குப்பையில் போட்ட கை இது. மாமனாரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். பாகு காய்ச்சிய பாத்திரத்தைக் கழுவ நேரமில்லாமல் கழுவுதொட்டிக்கு அடியில் தள்ளினேன். அன்று மறுபடி காய்ச்ச வீட்டில் சர்க்கரையும் இல்லை, எனக்குத் துணிச்சலும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. மாமியார் திறந்தார். வாசலில் ஃபக்ரியா அத்தை. ஒரு கையில் தகர டப்பா, இன்னொரு கையில் சுருட்டிய கைக்குட்டை.

"வாங்கக்கா" என்றார் மாமியார். அந்த ஒரு சொல்லில் குரல் உடைந்துவிட்டது. வரவே மாட்டார் என்று இருந்தவர் வந்து நின்றுவிட்டார் அல்லவா.

அத்தை வீட்டுக்குள் வந்து மேஜைமேல் கைக்குட்டையைப் பிரித்தார். நடுவில் ஒரு தங்கப் பல் இருந்தது.

"முப்பது வருஷம் இருந்த பல்லு" என்றார். முன்வரிசையில் இடைவெளி தெரிந்தது. "ஆட்டுக்கறி தின்னேன், காஞ்ச ரொட்டி தின்னேன், அசையல. உன் அல்வாவுல போயிடுச்சு. எம்மேல கோபம்னா நேருக்கு நேர் சொல்லு, ஜெரின்தாஜ். என் தம்பி பேரைச் சொல்லி என் பல்லை ஏன் பிடுங்கறே?"

"நானா? எப்பவும் போலத்தானே கிளறினேன்?"

"தின்னு பாரு."

மாமியார் ஒரு துண்டை வாயில் போட்டார். மெல்ல முடியவில்லை. விரலை விட்டு எடுத்தார். பாகு இழையாக நீண்டது.

"புளிக்குதே" என்றார் குழப்பமாக.

"எலுமிச்சை. அல்வாவுல எவ எலுமிச்சை போடுவா? பாகு எதுல காய்ச்சினே?"

"நான் காய்ச்சல. நுபார்தான்..."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்தப் பாத்திரத்தை எடுத்துக் கொடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அத்தை ஓரத்தில் ஒட்டியிருந்த பாகைச் சுரண்டி விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டினார். சூடு ஏறியதும் தன் முன்கையில் அழுத்திச் சட்டென்று இழுத்தார். அதில் நாலைந்து முடி ஒட்டிக்கொண்டு வந்தது.

"இதை எத்தனை கல்யாணப் பொண்ணுங்களுக்கு நான் காய்ச்சியிருப்பேன்" என்றார் மெதுவாக. "இது வாயில போடறது இல்லடி. வாய்க்கு மேல போடறது. துணியை எடு."

தலைத்துணி நுனியை இறக்கினேன். பகல் வெளிச்சம் நேராக என் முகத்தில் விழுந்தது.

"அவர் இன்னிக்கு வர்றார்" என்றேன். வேறு எந்த நியாயமும் என்னிடம் இல்லை. அழக்கூடாது என்று நினைத்தேன். அழுதுவிட்டேன்.

"என் தம்பி போய் மூணு மாசம் ஆகல. அதுக்குள்ள மருமகளுக்கு அலங்காரம்" என்று அத்தை தொடங்கினார்.

"தொண்ணூத்தி ரெண்டு நாள்" என்றார் மாமியார்.

"என்ன?"

"தொண்ணூத்தி ரெண்டு நாள் ஆச்சுக்கா. நாற்பதுல நீங்க வந்தப்பவே கறுப்பை எடுத்திருந்தா இவ எதுக்குத் திருட்டுத்தனமா அடுப்படியில நிக்கப்போறா?" நாற்காலியில் உட்கார்ந்து மோவாயை நிமிர்த்திக் காட்டினார். "இதைப் பாருங்க. கண்ணாடி பார்க்கிறதையே விட்டுட்டேன். நானா எடுத்துக்க முடியுமா? இல்ல, இவளை எடுத்துக்கோன்னுதான் சொல்ல முடியுமா? ராத்திரி இவ அழறது எனக்குக் கேக்குது. கேட்டுட்டுப் படுத்திருக்கேன். வேற என்ன செய்வேன்?"

எனக்குத் திக்கென்றது. அவர் பிடிவாதமாக இருக்கிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"நீ அவனைத் தனியா இங்க புதைச்சே" என்றார் அத்தை.

"தினமும் போய்ப் பார்க்கலாம்னு புதைச்சேன். எனக்கு முட்டி வலி, மசல்லிக்கு வாரம் ஒரு தடவை கூட வர முடியாது."

"போறியா தினமும்?"

"மழையில கூட."

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீ போறே. நான்? உன் வாசலைத் தாண்டாம என் தம்பிகிட்ட நான் போக முடியாதுன்னு ஆக்கிட்டியே. மூணு தடவை வேன்ல லெங்கரான் வரைக்கும் வந்தேன். உன் தெருவைப் பார்த்துட்டுத் திரும்பிப் போனேன்."

"கதவு திறந்துதானே இருந்தது?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

பிறகு அத்தை மூக்கைச் சிந்திவிட்டு என்னிடம் திரும்பினார். "தலைத்துணி இல்ல. சண்டை போட வந்தவ எதைக் கொண்டுவருவா? இந்தா, என் காசு. கடைக்குப் போ. சிவப்பு வேணாம், அடக்கமா ஒண்ணு எடு. வெள்ளை நூல் ஒரு கண்டு. ஓடு."

ஓடினேன். சாம்பல் நீலத்தில் சின்னச் சின்ன இலை போட்ட துணி ஒன்று கிடைத்தது. திரும்பும் வழியில் துராஜ் அக்கா கதவைத் தட்டினேன். இனி அவர் என்னைத் தொடலாமே! பூட்டியிருந்தது. அஸ்தாராவில் மகளுக்குப் பிரசவ வலி, விடியற்காலையே போய்விட்டார் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள்.

அத்தை மாமியார் தலையிலிருந்து கறுப்பை எடுத்து மடித்தார். நீலத் துணியைப் போட்டுவிட்டு நெற்றியில் முத்தமிட்டார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நாற்பதாம் நாள் சேர்ந்து அழாததையெல்லாம் அழுதார்கள். நான் கோழிக்கு அக்ரூட் இடித்துக்கொண்டே கதவிடுக்கில் பார்த்திருந்தேன்.

பிறகு நூல். அங்கேதான் என் விதி மறுபடி நின்றது. நூலின் ஒரு நுனியை முன்பல்லில் கடித்துக்கொண்டுதான் இழுக்க வேண்டும். அத்தைக்கு அந்தப் பல் கைக்குட்டையில் இருந்தது. ஓரப் பல்லில் கடித்துப் பார்த்தார், நூல் வழுக்கியது. கழுத்தில் சுற்றிக்கொண்டார், அறுந்தது. பத்து நிமிட வேலைக்கு மாமியாரின் முகம் ஒன்றரை மணி நேரம் எடுத்தது. நடுநடுவே ஈறில் ரத்தம் கசிய, கிராம்பை அடக்கிக்கொண்டார்.

"வலிக்குதா?" என்று கேட்டார்.

"வலிக்கட்டும்க்கா. நீங்க எடுங்க" என்றார் மாமியார், கண்ணை மூடிக்கொண்டு.

நடுவில் சாப்பாடும் தொழுகையும் முடிந்து என் முறை வந்தபோது மணி நாலு. என் மேலுதட்டின் வலப்பக்கம் முடிவதற்குள் அத்தையின் கன்னம் வீங்கிவிட்டது. நூலை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தாடையைப் பிடித்துக்கொண்டார்.

"முடியல கண்ணு. சம்பிரதாயத்துக்கு இது போதும். மீதியை நாளைக்குக் கீழ்வீட்டுக்காரிகிட்ட எடுத்துக்க. இனி யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"நாளைக்கு..." என்றேன். அவருடைய முகத்தைப் பார்த்ததும் மேலே பேச வரவில்லை.

இருட்டுவதற்கு முன் கல்லறைக்குப் போய்வருவோம் என்று இரண்டு பேரும் கிளம்பினார்கள். ரூஃபத் ஏழு மணிக்குத்தானே வருவார் என்றார் மாமியார். படியில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். ஒருவருக்கு முட்டி வலி, ஒருவருக்குப் பல் வலி.

நான் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்றேன். வலப்பக்கம் வெறுமையாக, தீப்பட்டதுபோலச் சிவந்து வீங்கியிருந்தது. இடப்பக்கம் கறுப்பாக அப்படியே. மோவாயில் கொத்துகள். முழுசாக இருந்தபோது இவ்வளவு கோரமாக இல்லை. இடுக்கியை எடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றுக்கும் கண்ணில் நீர் வந்தது. பதினேழு முடி எடுத்திருப்பேன். அடுப்பில் கோழி வெந்துகொண்டிருந்தது. மணி ஐந்தரை. அழைப்பு மணி அடித்தது.

போனவர்கள் எதையோ மறந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன்.

ரூஃபத் நின்றிருந்தார். பை தோளில் தொங்கியது. இளைத்திருந்தார். "டாக்ஸி கிடைச்சுது, அதான் சீக்கிரம்..." என்று சிரித்துக்கொண்டே சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார்.

படிக்கட்டின் விளக்கு என் முகத்துக்கு நேராக எரிந்தது. அவர் கண் என் மேலுதட்டில் நின்றது. இடப்பக்கம் போயிற்று. மறுபடி சிவப்புக்கு வந்தது. எனக்கு அசையத் தெரியவில்லை. மூன்று வருடம் ஒளித்ததும், மூன்று மாதம் கெண்டியைக் காட்டியதும் இந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்துதான். அவருடைய சிரிப்பு போய்விட்டது. நான் எதிர்பார்த்தது அதுதான்.

"அத்தை வந்தாங்களா?" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"உன் முகத்துல நூல் போட்டிருக்காங்களே. அத்தை வந்தாங்களா? அம்மாவைக் கறுப்புலேர்ந்து எடுத்துட்டாங்களா?"

"ம். இன்னிக்குத்தான். ரெண்டு பேரும் இப்ப அப்பாகிட்டப் போயிருக்காங்க."

அவர் பையைக் கீழே வைத்தார். வைத்தவர் நிமிரவில்லை. முட்டியில் கையை ஊன்றி, குனிந்தபடியே இருந்தார். முதுகு குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் அழுகிறார் என்று தெரிந்தது. அடக்கத்தன்று அவர் அழவில்லை. ஆட்களுக்குச் சொல்வதும், பந்தி பார்ப்பதும், வருகிறவர்களுக்குக் கை கொடுப்பதுமாக இருந்துவிட்டு ஏழாம் நாள் விமானம் ஏறியவர்.

"நாற்பதுக்கும் நான் இல்ல" என்றார். "இதுக்கும் இல்ல. எல்லாம் முடிஞ்சுபோச்சு, இல்ல? அப்பா போயிட்டார்."

"உள்ள வாங்க."

வரவில்லை. நிலைப்படியிலேயே என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பெரிய உடம்பு. தாங்க எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. அவருடைய கன்னம் என் இடப்பக்கத்து முடியில் அழுந்தியிருந்தது. அவருக்கு அது தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. ஒதுங்க நான் முயலவும் இல்லை. முதுகைத் தட்டிக்கொண்டே நின்றேன்.

பிறகு, தலையைத் தூக்காமலே, "ஏன் பாதியில விட்டாங்க?" என்று கேட்டார்.

"அத்தைக்குப் பல் போயிடுச்சு."

"பல்லா? எப்படி?"

"அல்வாவுல."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. சிரிப்பா அழுகையா என்று அவருக்கே புரியாத ஒரு சத்தம் தொண்டையிலிருந்து வந்தது. நான் விளக்கத் தொடங்கினேன். எந்த இடத்திலிருந்து தொடங்கினாலும் அது என் மீசையில் போய் முடிந்தது. நிறுத்திவிட்டேன்.

கீழே முற்றத்துக் கதவு திறந்தது. இரண்டு குரல்கள் படியேறி வந்தன. மெதுவாகப் போ, உனக்குத்தான் முட்டி வலியாச்சே என்று ஒன்று சொல்ல, நீங்கதான் மூச்சு வாங்கறீங்க என்று இன்னொன்று சொன்னது.

ரூஃபத் அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டார். சட்டைக் கையால் துடைத்தார், என் தலைத்துணியை இழுத்துத் துடைத்தார், சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினார். குரல்கள் இரண்டாம் மாடிக்கு வந்துவிட்டன.

"அம்மா இப்படி என்னைப் பார்க்கக் கூடாது" என்றார். என் பக்கம் திரும்பினார். "அழுதது தெரியுதா?"

கண்ணிமை வீங்கி, மூக்கு நுனி சிவந்து, கன்னம் முழுக்க ஈரமாக இருந்தது.

"தெரியுது" என்றேன்.